தோலிருக்கச் சுளை விழுங்கிகள்

சென்னையில் எந்த டாட்டூ ஸ்டூடியோவுக்குள் போனாலும் முதலில் ஒரு ஆல்பத்தைக் கையில் கொடுப்பார்கள். சிங்கம் இருக்கும், சிவன் இருப்பார், அம்மாவின் முகம் இருக்கும், முன்னாள் காதலியின் பெயரை மறைப்பதற்கென்றே ஒரு பெரிய கழுகு இருக்கும். நடுவில் ‘ட்ரைபல்’ என்று சில பக்கங்கள். முள்ளும் கொக்கியுமாக வளைந்த கெட்டிக் கறுப்புக் கோடுகள். சதுர அங்குலக் கணக்கில் விலை. புறநகரில் மனை விற்கும் புரோக்கர்கூட பட்டா யார் பேரில் இருக்கிறது என்று ஒரு பேச்சுக்காவது சொல்லிவைப்பார். இங்கே அந்தப் பழக்கம் கிடையாது. எந்தப் பழங்குடி என்று கேட்டால் குத்துகிறவருக்கும் தெரியாது, குத்திக்கொள்கிறவருக்கும் தெரியாது. ‘கெத்தா இருக்கும் ப்ரோ’ என்பதோடு மானுடவியல் வகுப்பு முடிந்துவிடும்.

தம்பி, உன்னைத் திட்ட வரவில்லை. பாராட்டத்தான் வந்திருக்கிறேன். காட்டில் ஒரு ராத்திரி தங்காமல், வனக்காவலரிடம் அடி வாங்காமல், தேன் எடுக்கப் போன குற்றத்துக்கு அபராதம் கட்டாமல், ஏசி அறையில் சாய்வு நாற்காலியில் படுத்தபடி ஆதிவாசி ஆகிற வித்தை சாமான்யமானதல்ல. அதுவும் எந்த ஆதிவாசி? போர்னியோக்காரன் தொடையில் இருந்ததையும், சமோவாக்காரன் இடுப்பில் இருந்ததையும், மார்க்கெசாஸ் தீவுக்காரன் தோளில் இருந்ததையும் ஒரே மிக்ஸியில் போட்டு அரைத்த ஆதிவாசி. இந்த மிக்ஸியை முதலில் ஓட்டியவர்கள் கலிஃபோர்னியாக்காரர்கள். 1982இல் டாட்டூக்காரர் எட் ஹார்டி கொண்டுவந்த ‘டாட்டூடைம்’ இதழின் முதல் மலருக்கே ‘புதிய பழங்குடியியம்’ என்றுதான் தலைப்பு. 1996இல் ஜார்ஜ் க்ளூனி ஒரு படத்தில் கையிலிருந்து கழுத்து வரை கறுப்புத் தீ எரிய வந்து நின்றார். அப்புறம் உலகத்து ஜிம்களில் எல்லாம் அந்தத் தீ பற்றிக்கொண்டது. பழங்குடி என்ற ஒன்று இல்லாத பழங்குடிக் கலை அப்படித்தான் பிறந்தது.

ஆல்பத்தில் ஒரே ஒரு பெயர் மட்டும் தப்பித்தவறி அச்சாகியிருக்கும்: மாவோரி. ஆகவே அவர்கள் கதையைக் கொஞ்சம் கேட்டுவிட்டு நாற்காலியில் படு.

நியூசிலாந்து மாவோரிகளின் மோக்கோ என்ற பச்சை ஊசியால் குத்துவதல்ல, செதுக்குவது. கடற்பறவை எலும்பில் செய்த சிறு உளியை முகத்தில் வைத்து, குச்சிச் சுத்தியலால் தட்டித் தட்டித் தோலில் வாய்க்கால் வெட்டுவார்கள். ஆறிய பிறகு விரலால் தடவினால் பள்ளம் தட்டுப்படும். நாள்கணக்கில் முகம் வீங்கிக் கிடக்கும். வாயைத் திறந்து மெல்ல முடியாது. அதற்கென்றே செதுக்கிய மரப் புனலில்தான் கஞ்சித் தண்ணீர் மாதிரி எதையாவது ஊற்றுவார்கள். இவ்வளவு பாடும் எதற்கென்றால், தாய்வழி எது, தந்தைவழி எது, எந்தக் குலம், என்ன தகுதி என்பதெல்லாம் அந்த வாய்க்கால்களில் ஓடும். வெள்ளைக்காரர்கள் நிலப் பத்திரத்தை நீட்டியபோது தலைவர்கள் பலர் தம் முகத்துக் கோட்டையே கையெழுத்தாக வரைந்து கொடுத்தார்கள். அந்தப் பத்திரங்களில் நிலம் எந்தப் பக்கம் போனது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

முகத்துக்கும் விலை வந்தது. 1770 ஜனவரியில், கேப்டன் குக்கின் கப்பலில் வந்த ஜோசப் பேங்க்ஸ் பதப்படுத்திய ஒரு மாவோரித் தலையை வாங்கினார். பதினான்கு பதினைந்து வயதுப் பையனின் தலை. கொடுத்த விலை, ஒரு பழைய வெள்ளை லினன் உள்காற்சட்டை. விலையை வாங்கிக்கொண்ட கிழவர் தலையைக் கொடுக்க மனம் வராமல் இழுத்தபோது, துப்பாக்கியைக் காட்டித்தான் காரியத்தை முடித்ததாக அவரே நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். பின்னாளில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் தலைவராக இருந்த அறிவாளி அவர். அறிவியல் வளர்வதற்கு ஒருவர் உள்காற்சட்டையைக்கூடத் தியாகம் செய்திருக்கிறார் என்றால் நாம் கைகூப்ப வேண்டாமா!

அப்புறம் சந்தை சூடு பிடித்தது. தலை கொடுத்தால் துப்பாக்கி. துப்பாக்கி கிடைத்த குலம், கிடைக்காத குலத்தை வேட்டையாடியது. இதில் மாவோரித் தலைவர்களுக்குப் பங்கில்லை என்று நான் பூசி மெழுகப்போவதில்லை. செத்தவர்களின் தலை போதாமல் போனபோது அடிமைகளைப் பிடித்து, அவசர அவசரமாக முகத்தில் கோடு போட்டு, புண் ஆறியதும் வெட்டி விற்றார்கள். ஆர்டருக்குத் தயாரிப்பு! 1831இல் நியூ சவுத் வேல்ஸ் கவர்னர் டார்லிங் தடை போட்ட பிறகுதான் வியாபாரம் படுத்தது.

சேகரிப்பு மட்டும் படுக்கவில்லை. ஹொரேஷியோ ராப்ளி என்று ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1860களில் மாவோரிகளைச் சுடப் போனார். சுட்ட நேரம் போக மீதி நேரத்தில் அவர்கள் முகங்களைப் படம் வரைந்தார். ஓய்வுபெற்று லண்டன் திரும்பியதும் தலைகளாக வாங்கிச் சேர்த்தார். 1896இல் மோக்கோ பற்றிப் புத்தகமும் போட்டார். சுவர் நிறையத் தலைகளை வரிசையாக மாட்டி, நடுவில் தான் உட்கார்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம் இன்றும் கிடைக்கிறது. இன்ஸ்டாகிராம் வருவதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே அதற்கான போஸ் தெரிந்திருந்த மனுஷர். நியூசிலாந்து அரசிடம் 1,000 பவுண்டுக்குக் கேட்டுப் பார்த்தார். வேண்டாம் என்றார்கள். நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 1,250 பவுண்டு கொடுத்தது. அங்கிருந்து 35 தலைகள் ஊர் திரும்பியது 2014இல்.

பிரான்ஸ் கதை இதைவிட ருசி. ரூவான் நகர அருங்காட்சியகத்தில் 1875 முதல் ஒரு மாவோரித் தலை இருந்தது. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று 2007இல் நகரசபை முடிவெடுத்தது. பாரிஸில் பண்பாட்டு அமைச்சகம் குறுக்கே விழுந்தது. அது அரசு அருங்காட்சியகத்தின் உடைமையாம், கைமாற்றக் கூடாத சொத்தாம். வழக்குப் போட்டுத் தடுத்தார்கள். ஒருவனுடைய பாட்டன் தலை இன்னொருவனுடைய அசையாச் சொத்து! 2010இல் தனியாக ஒரு சட்டம் போட்டு, 2011இல்தான் அந்த ஒற்றைத் தலை கப்பலேறாமல் விமானமேறிப் போனது. அமைச்சகம் தலைக்காகத் தொண்டை கிழியக் கத்திய அதே 2007இல், அதே நாட்டு ஆடை வடிவமைப்பாளர் ழான் போல் கோத்தியே, மாவோரி அல்லாத மாடல்களின் முகத்தில் மோக்கோ வரைந்து தன் துணிகளுக்கு விளம்பரம் எடுத்தார். செத்த மாவோரியின் முகம் ஊர் போகக் கூடாது. உயிரோடிருக்கும் வெள்ளைக்காரி முகத்தில் அது பாரிஸ் முழுக்கச் சுற்றலாம்.

நைக்கி நிறுவனம் 2013இல் சமோவா ஆண்கள் மட்டுமே போட்டுக்கொள்ளும் வரிகளைப் பெண்களின் உடற்பயிற்சிக் கால்சட்டையில் அச்சடித்து, எதிர்ப்பு வந்ததும் மடித்து உள்ளே வைத்தது. டிஸ்னி 2016இல் பச்சை குத்திய பழுப்புத் தோலையே குழந்தைகளுக்கு வேஷ உடையாகத் தைத்து விற்கப் பார்த்தது. இதெல்லாம் சில்லறை. மொத்த வியாபாரத்துக்கு வருவோம்.

குத்துச்சண்டைக்காரர் மைக் டைசனின் இடது கண்ணைச் சுற்றியிருக்கும் கோடுகளைப் பார்த்திருப்பாய். உன் ஆல்பத்திலும் இருக்கும். 2003இல் முகம் நிறைய இதயங்கள் வேண்டும் என்றுதான் டைசன் போய் நின்றாராம். விட்மில் என்ற அமெரிக்க டாட்டூக்காரர் ‘பழங்குடி மாதிரி’ ஒன்றைப் போட்டுவிட்டார். மாவோரி மோக்கோவைப் பார்த்து எழுந்த ‘மாதிரி’. டைசனிடம் ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். ஓவியமும் வரைவுகளும் ஸ்டூடியோவின் சொத்து என்று அதில் இருந்தது. 2011இல் ‘ஹேங்ஓவர்’ இரண்டாம் பாகம் வந்தது. குடித்துவிட்டு பாங்காக்கில் கண் விழிக்கும் ஒரு பல் டாக்டரின் முகத்தில் அதே கோடு. விட்மில் வார்னர் பிரதர்ஸ் மேல் வழக்குப் போட்டார்: என் சொத்தைத் திருடிவிட்டார்கள்!

திருடிவிட்டார்கள் என்று அவர் சொன்னபோது அந்த நீதிமன்றத்தில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. படத்தை நிறுத்த நீதிபதி மறுத்தார். ஆனால் விட்மில் பக்கம் வலுவான வாதம் இருக்கிறது என்றார். அடுத்த மாதமே இரு தரப்பும் பேசி முடித்துக்கொண்டார்கள். முகம் ஒரு கறுப்பரின் முகம். கோட்டின் பூர்வீகம் மாவோரி. சண்டை போட்ட இரண்டு பேரில் ஒருவர் வெள்ளைக்கார டாட்டூக்காரர், இன்னொருவர் ஹாலிவுட் கம்பெனி. சமரசத்தில் காசு கைமாறியிருந்தால் அதுவும் இந்த இரண்டு கைகளுக்குள்தான். எங்கள் முன்னோர் முகத்தை வைத்து நீங்கள் என்ன பங்கு பிரிக்கிறீர்கள் என்று மாவோரி அறிஞர்கள் நியூசிலாந்திலிருந்து கேட்டார்கள். அந்தக் கேள்வி செய்தியானது, வழக்கில் ஒரு தரப்பாகவில்லை. முன்னோர்களிடம் கையெழுத்திட்ட தாள் இல்லையே! இருந்த தாள்களெல்லாம் நிலம் எழுதிக் கொடுத்த தாள்கள்.

சரி, சொந்த ஊரிலாவது அந்த முகத்துக்கு மரியாதை உண்டா? ஏர் நியூசிலாந்து விமானத்தின் வாலில் 1973 முதல் இருப்பது கோரு. சுருண்ட பெரணித் தளிர், மாவோரி வடிவம். அந்த வாலுக்குக் கீழே, விமானத்துக்குள்ளே, வெளியே தெரிகிற இடத்தில் மோக்கோ போட்ட மாவோரிப் பெண் வேலைக்கு வரக் கூடாது. 2013இல் நேர்முகத் தேர்வு வரை வந்த ஒரு பெண்ணைக் கைக் கோட்டைப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். விமானம் பச்சை குத்திக்கொள்ளலாம், பணிப்பெண் கூடாது. 2019 செப்டம்பரில்தான் தடையை எடுத்தார்கள். எடுத்த கையோடு, அதே மாதம், ‘கியா ஓரா’ என்ற மாவோரி வணக்கச் சொல்லைப் பெயராகக் கொண்ட தங்கள் இதழின் முத்திரையை வர்த்தகச் சின்னமாகப் பதிவு செய்யப் போய் மாட்டிக்கொண்டு பின்வாங்கினார்கள். ஒரு கையால் கொடுத்தால் மறுகையால் எடுத்துவிட வேண்டும் என்பது கம்பெனி ஒழுக்கம் போலிருக்கிறது.

2013இல் இன்னொன்றும் நடந்தது. மாவோரி மூதாட்டி ஒருவர் ஜப்பானின் ஹொக்கைடோவுக்குப் போனார். அங்குள்ள ஆதிகுடி ஐனு மக்களின் மொழியைக் காப்பாற்றுவது பற்றிய கூட்டத்துக்கு. போன இடத்தில் பொதுக் குளியலகத்தில் அவரை உள்ளே விடவில்லை. மோவாயில் பச்சை இருக்கிறதாம், மற்ற வாடிக்கையாளர்கள் பயப்படுவார்களாம். எந்த மண்ணில்? வாயைச் சுற்றிப் பச்சை குத்திக்கொள்வதே பெண்ணுக்கு அழகு என்று ஐனுப் பெண்கள் வாழ்ந்த மண்ணில். அவர்கள் பச்சையை ஜப்பானிய அரசு 1871இல் தடை செய்தது.

இந்த 1871 நமக்கும் சொந்தமான வருஷம். அந்த அக்டோபரில்தான் வெள்ளைக்கார அரசு இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பச்சை குத்துவதில் நம் எஜமானர்களுக்கு அதற்கு முன்பே அனுபவம் உண்டு. ஆயுள் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தச் சொல்லி 1797இல் வங்காளத்தில் விதி போட்டு, 1849 வரை குத்தினார்கள். நெற்றியில் எழுதினால் தலைப்பாகையை இறக்கி மறைத்துக்கொள்கிறார்கள் என்பது அனுபவ பாடம். ஆகவே இம்முறை தோலை விட்டுவிட்டுச் சாதி மேலேயே எழுதிவிட்டார்கள். அதை மறைக்கத் தலைப்பாகை கிடையாது. 1911இல் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. அதில் சிக்கியவர்களில் குறவர்கள் உண்டு.

குறத்தி யார் தெரியுமா, தம்பி? உன் கொள்ளுப்பாட்டியின் டாட்டூ ஆர்டிஸ்ட். அந்தத் தலைமுறைக் கைகளை நீ பார்த்திருக்க மாட்டாய். முழங்கைக்குக் கீழே மங்கிய பச்சையில் ஒரு புள்ளிக் கோலம், பக்கத்தில் தேள், மோவாயில் ஒற்றைப் பொட்டு. விளக்குக் கரியைத் தாய்ப்பாலிலோ பச்சிலைச் சாற்றிலோ குழைத்துக்கொள்வாள் குறத்தி. மூன்று நான்கு ஊசியைச் சேர்த்து நூலால் இறுகக் கட்டுவாள். திண்ணையில் பிள்ளையை மடியில் இடுக்கிக்கொண்டு, வலி மறக்கப் பாட்டுப் பாடியபடியே குத்துவாள். ரத்தத்தைத் துடைத்து மஞ்சளை அப்புவாள். கூலி படி நெல்லு, ஒரு பழைய சேலை, மிஞ்சிய சோறு. நகை நட்டெல்லாம் சுடுகாட்டு வாசலில் கழன்றுவிடும், பச்சைதான் கூட வரும் என்று நம்பிய பெண்கள் அந்தக் கூலியில்தான் பரலோகத்துக்குச் சொத்துச் சேர்த்தார்கள். (ஆண்களுக்கு வேறு வாத்தியார். அ.தி.மு.க. தொண்டர்களைக் கட்சிக் கொடியைப் பச்சை குத்தச் சொன்னார் எம்.ஜி.ஆர். அதையும் இந்த வரலாற்றில் சேர்த்துக்கொள்.)

அதே குறத்தி கை பார்த்துக் குறியும் சொல்வாள். ஊர்ப் பெண்களின் ரேகையைப் பார்த்து ராஜயோகம் சொன்னவளின் வீட்டு ரேகையை அரசாங்கம் மை தடவி எடுத்துக்கொண்டது. குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு நம் மக்கள் வைத்த பெயர் கைரேகைச் சட்டம். ராத்திரி ஆனால் ஆண்கள் போலீஸ் ஸ்டேஷனில் ஆஜர். ஊர் விட்டு ஊர் போகச் சீட்டு. ஊர் ஊராகப் போனால்தான் குத்த முடியும், விற்க முடியும், குறி சொல்ல முடியும். அப்படி இருந்த சனத்தை நடக்காதே என்று நிறுத்திவிட்டு, இவர்கள் உழைக்க மாட்டார்கள், திருடுவார்கள் என்று அறிக்கை எழுதினார்கள். 1952 ஆகஸ்ட் 31இல் நாடு முழுக்கச் சட்டம் ஒழிந்தது. அதற்கு நான்கு வருஷம் முன்பே, 1948இல், வழக்கமான குற்றவாளிகளுக்கான சட்டம் சென்னையில் தயாராகியிருந்தது. பழைய கள், புதிய மொந்தை. இன்றைக்கும் ஊரில் பூட்டு உடைந்தால் ஜீப் முதலில் எந்தப் பக்கம் திரும்பும் என்று காவல் நிலைய வாசலில் டீ ஆற்றுகிறவரைக் கேள், சொல்வார்.

குறத்தியின் ஊசி எங்கே போனது? நோய் பரவும் என்றோம். ஒரே ஊசியில் தெருவையே குத்தினால் பரவத்தான் செய்யும்; அதில் பொய்யில்லை. ஆனால் அவள் கையில் ஒரு பெட்டி புது ஊசியைக் கொடுத்து, கொதிக்க வைக்கவும் உறை போடவும் சொல்லித்தந்தோமா? நாவிதருக்கு பிளேடு மாற்றத் தெரியும், பல் டாக்டருக்குக் கையுறை மாட்டத் தெரியும். குறத்திக்கு மட்டும் ஒன்றும் ஏறாது என்று யார் முடிவு செய்தது? அவளைத் தெருவை விட்டு அனுப்பிவிட்டு, அவள் செய்ததையே இப்போது ‘ஹேண்ட் போக்’ என்கிறார்கள். மெஷின் இல்லாமல், கையால், புள்ளி புள்ளியாக, ஊசி வைத்துக் குத்துவது. ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும், பார். விலை மெஷினைவிட அதிகம். பின்னணியில் மெல்லிய இசை ஓடும். பாட்டு மட்டும் குறத்தி பாட்டாக இருக்காது.

நரிக்குறவர் வேறு, குறவர் வேறு. இரண்டு பேரையும் குழப்பிக்கொள்வதுகூட நம்முடைய அலட்சியம்தான். நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று அரசு நியமித்த லோகூர் குழு சொன்னது 1965இல். சட்டம் வந்தது 2023 ஜனவரியில். இடையில் இரண்டு தலைமுறை ஊசிமணி கோத்து முடித்துவிட்டது. அந்த மார்ச் மாதக் கடைசியில், டிக்கெட் வாங்கிக் கையில் வைத்திருந்த ஒரு நரிக்குறவர் குடும்பத்தைச் சென்னையில் ஒரு தியேட்டர் வாசலிலேயே நிறுத்தினார்கள். வீடியோ ஊரெல்லாம் பரவிய பிறகு குழந்தைகளின் வயது, தணிக்கைச் சான்றிதழ் என்று விளக்கம் வந்தது. நம் தியேட்டர்களில் தணிக்கைச் சான்றிதழை இவ்வளவு கவனமாக வாசித்த நாள் வேறொன்று எனக்கு ஞாபகமில்லை. அவர்கள் கழுத்தில் கிடந்த மணிமாலை மாதிரி ஒன்றை நீயும் போட்டுக்கொண்டு, டாட்டூக் கை தெரிய பனியனோடு அதே வாசலில் போயிருந்தால், பாப்கார்ன் பெரிசா சின்னதா என்று மட்டும்தான் கேட்டிருப்பார்கள்.

ஒன்று எச்சரிக்க மறந்துவிட்டேன். ராணுவத்தில் சேர நினைத்தால் தோளில் போட்டுக்கொள்ளாதே. முன்கையின் உட்பக்கத்திலும் புறங்கையிலும் இருந்தால்தான் ஒத்துக்கொள்வார்கள். உடம்பெல்லாம் இருக்கலாம் என்ற சலுகை, பச்சை குத்துவது வழக்கமாக உள்ள பழங்குடிக்கு மட்டும். அட, நானும் ட்ரைபல்தானே என்று தோளைக் காட்டினால் செல்லாது.

சான்றிதழ் வேண்டும். அதை நம் ஊரில் கோட்டாட்சியர் கொடுக்க வேண்டும். உண்மையான பழங்குடிப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் அந்த அலுவலகத்துக்கும் நடந்து நடந்து, சான்று வருவதற்குள் படிப்பே முடிந்துபோகிற சங்கதி உனக்குத் தெரியாது. ‘நீ பழங்குடின்னு எப்படி நம்புறது? பார்த்தா அப்படித் தெரியலையே’ என்று சட்டை போட்ட பையனைப் பார்த்துக் கேட்கிற அதிகாரிகள் உண்டு. அவர்களையும் முழுசாகக் குறை சொல்ல முடியாது. பழங்குடி என்றால் யார் என்பதற்கு அரசாங்கம் இன்னமும் கையில் வைத்திருப்பது அதே 1965 லோகூர் குழுவின் ஐந்து அளவுகோல்களைத்தான்: ஆதிகாலக் குணங்கள், தனித்த பண்பாடு, ஒதுக்கமான இருப்பிடம், மற்ற சமூகத்தாரோடு பழகுவதில் கூச்சம், பின்தங்கிய நிலை. ஆம், கூச்சம். அரசாங்கக் குறிப்பில் உள்ள வார்த்தை.

ஆகவே தம்பி, டாட்டூ ஆறியதும் நீயே ஒருமுறை விண்ணப்பித்துப் பாரேன். ஆதிகாலக் குணம்: தோளிலிருந்து முழங்கை வரை, சதுர அங்குலக் கணக்கில், பில்லோடு. தனித்த பண்பாடு: மாவோரி, சமோவா, போர்னியோ, க்ளூனி. ஒதுக்கமான இருப்பிடம்: பழைய மகாபலிபுரம் சாலையில் பதினான்காவது மாடி, மெட்ரோ இன்னும் வரவில்லை. கூச்சம்: இதில்தான் கொஞ்சம் இடிக்கும், ஊசி குத்தும்போதே மூன்று ரீல்ஸ் போட்டிருக்கிறாய். பின்தங்கிய நிலை: இஎம்ஐ. ஐந்துக்கு நான்கு தேறுகிறாய். வரிசையில் உனக்கு முன்னால் காட்டுநாயக்கர் பையன் ஒருவன் நிற்பான். அவன் தோளில் ஒரு கோடும் இருக்காது, அதனால் அவனைப் பார்த்ததும் குமாஸ்தாவுக்குச் சந்தேகம் வரும். அவனிடம் அப்பாவின் சான்றிதழைக் கேட்பார், தாத்தாவின் சான்றிதழைக் கேட்பார், தாத்தா காட்டில் இருந்ததற்கு ஏதாவது ரசீது உண்டா என்பார். உன்னிடம் கேட்கப்போவது ஒன்றுதான்: ‘சூப்பரா இருக்கு சார், எங்க போட்டீங்க?’